கடலடிக் கருவூலமும் தட்பவெப்பமும்

டொமினியன்ஸ் என்னும் கணினி வியூக விளையாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் பிடித்த தட்பவெப்பம் என்று ஒன்று உண்டு. நெருப்பில் பிறந்த அபிசியர்களுக்குக் கொளுத்தும் வெப்பம் வேண்டும். நீஃபெல்ஹைமின் பனி அரக்கர்களுக்கு உறைகுளிர் வேண்டும். மனிதர் வாழும் பெரும்பாலான நாடுகள் இரண்டுக்கும் நடுவே நிற்பவை. மாகாணத்தின் வெப்பநிலை அந்த நாட்டின் விருப்பத்திலிருந்து விலக விலக, வரி குறையும், படைக்குக் கிடைக்கும் உணவும் குறையும். ஐந்தாம் பதிப்பில் வரி இழப்பு ஒரு படிக்குச் சுமார் 5 விழுக்காடு. மாதம் 200 பொன் தரக்கூடிய தலைநகர் மூன்று படி தள்ளிப்போனால் 170 பொன்தான் தரும்.

இதை உருவாக்கியது ஸ்வீடனைச் சேர்ந்த இல்விண்டர் என்னும் சிறு நிறுவனம். யோஹான் கார்ல்சன், கிறிஸ்டோஃபர் ஓஸ்டர்மன் ஆகிய இருவரின் கைவேலை என்றே சொல்லிவிடலாம். ஆறாம் பதிப்பு 2024 ஜனவரியில் வந்தது. ஆட்டக்காரர் ஒரு தெய்வப் பதவிக்குப் போட்டியிடுபவர். அவருடைய செல்வாக்கு மாகாணம் மாகாணமாகப் பரவும்போது ஒழுங்கு, உழைப்பு, வளர்ச்சி, அதிர்ஷ்டம், மாயம் ஆகியவற்றோடு வெப்பமும் குளிரும் பரவுகின்றன. ஒரு டர்ன் என்பது ஒரு மாதம். தனக்கு ஒவ்வாத தட்பவெப்பத்தைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டால் ஆட்டக்காரருக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். அவற்றை வேறு வலிமைகளுக்குச் செலவிடலாம். வருமானத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வேறொன்றை வாங்கும் இந்தப் பேரம்தான் ஆட்டத்தின் சுவையே.

இந்த உலகில் கடலுக்கடியிலும் அரசுகள் இருக்கின்றன. அட்லாண்டிஸ், ரிலே, ஓஷியானியா, முத்து அரசர்களின் பெலாகியா என அவை பல. அட்லாண்டிஸ் யுகத்துக்கு யுகம் மாறுகிறது. கடைசி யுகத்தில் அது ஆழத்தை இழந்து பனிக்கரையில் ஒதுங்கியவர்களின் ‘உறைந்த கடல்’ நாடாகி, குளிரை விரும்பத் தொடங்குகிறது. ‘வெப்பம் ஒரு படி, வரி இத்தனை விழுக்காடு’ என்ற கணக்கு நிலத்து உழவரை மனத்தில் வைத்துப் பிறந்தது. வெயிலில் பயிர் கருகும், பனியில் விதைப்பு தள்ளிப்போகும், மக்கள் சுணங்குவார்கள். கடலடியில் இவற்றில் எதுவும் இல்லை. ஆனாலும் தட்பவெப்பம் அங்கே கருவூலத்தைத் தொடுகிறது. அது தொடும் வழிகள்தான் வேறு.

நீரின் நிதானம்

ஒரு கன மீட்டர் கடல்நீரை ஒரு டிகிரி சூடாக்க, அதே கொள்ளளவு காற்றுக்குத் தேவைப்படுவதைப் போல 3,000 மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். மனிதச் செயல்களால் புவியில் தேங்கிய கூடுதல் வெப்பத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் கடல் விழுங்கியிருந்தும் அதன் சராசரி வெப்பநிலை மெல்லத்தான் ஏறுகிறது. நிலத்தில் ஒரே நாளில் 15 டிகிரி ஏறி இறங்குவது சாதாரணம். நடுக்கடலில் பகலுக்கும் இரவுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு டிகிரிகூட மாறாது.

அதனால் கடலடி நாட்டின் தட்பவெப்பத்தை முடிவு செய்வது, அது நிலவரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதைவிட எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதே. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு 28, 29 டிகிரியில் இருக்கும். சில நூறு மீட்டர் இறங்குவதற்குள் வெப்பம் மடமடவென்று சரிந்துவிடும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனால் பூமத்தியரேகைக்கு நேர் கீழேயும் நான்கைந்து டிகிரிதான். இன்னும் கீழே அது இரண்டு, ஒன்று என்று இறங்கும். ஆழத்தில் கோடையும் இல்லை, மாரியும் இல்லை. ஆழ்கடல் நாடொன்றுக்கு ‘வெப்பம் மூன்று படி’ என்று எழுதுவது, உண்மையில், எரிமலைப் பிளவு பக்கத்தில் இல்லாவிட்டால் நடக்காத காரியம்.

மாறாத இடத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. நிலத்து உயிர்கள் ஏற்ற இறக்கத்துக்குப் பழகியவை. ஆண்டு முழுவதும் ஒரே வெப்பத்தில் இருந்து பழகிய உயிருக்கு இரண்டு டிகிரி என்பது பேரிடர்.

மூச்சு

திறந்த கோலி சோடாவை வெயிலில் வைத்தால் வாயு சீக்கிரம் போய்விடும். ஆக்சிஜனுக்கும் அதே விதிதான். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 280 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. உறைநிலையை ஒட்டிய கடல்நீர் ஒரு லிட்டரில் அதிகபட்சமாக 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும். அதே நீர் 30 டிகிரியில் 6 மில்லிகிராம் அளவுக்குத்தான் பிடித்துவைத்துக்கொள்ளும். இருப்பே சொற்பம், சூடேறினால் அதிலும் பாதி போய்விடுகிறது.

இன்னொரு பக்கம் தேவை ஏறுகிறது. மீன், நண்டு போன்றவற்றின் உடல் வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பமே. நீர் 10 டிகிரி சூடானால் அவற்றின் உடல் எரிக்கும் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வரவு சுருங்கும்போதே செலவு பெருகுகிறது. கோடையில், விடியற்காலை, பாசி படர்ந்த ஊர்க்குளத்தின் ஓரம் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனைத் தீர்த்திருக்கும். மீன்கள் வாயை நீர்மட்டத்துக்கு வெளியே நீட்டி, திறந்து மூடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவை இரை தேடுவதில்லை, பகைவனிடமிருந்து ஓடுவதுமில்லை.

கடலடிக் குடிமக்கள் செவுளால் மூச்சுவிடுபவர்கள் என்றால் அவர்களது உழைப்பின் உச்சவரம்பை வகுப்பது இந்தக் கணக்கே. சுரங்கம் தோண்டுபவரும் சுமை இழுப்பவரும் இளைப்பாறிக்கொண்டிருப்பவரைவிடப் பல மடங்கு ஆக்சிஜன் கேட்பவர்கள். வெப்பம் ஏறும்போது முதலில் அடிபடுவது கடின உழைப்பு. எனவே விளையாட்டின் சொல்லில் கூறினால், பொன் வருவாயைவிட ஆயுதம் செய்யப் பயன்படும் மூலவள உற்பத்திதான் முன்னதாகச் சரிய வேண்டும்.

ஆழத்தில் இது இன்னும் சிக்கலாகிறது. அரபிக்கடலிலும் வங்காள விரிகுடாவிலும் ஏறத்தாழ 200 முதல் 1,000 மீட்டர் ஆழம்வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. மேலிருந்து விழும் மக்கும் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் உருவாவது அது. மேலேயும் கீழேயும் மூச்சுவிட முடியும், நடுவில் முடியாது. வரைபடத்தில் அண்டை மாகாணங்களாகத் தெரியும் இரண்டு, நடுவே கண்ணுக்குத் தெரியாத பாலைவனத்தால் பிரிந்திருக்கும். உலகக் கடல்களின் மொத்த ஆக்சிஜன் 1960க்குப் பிந்தைய அரை நூற்றாண்டில் சுமார் 2 விழுக்காடு குறைந்திருக்கிறது. இத்தகைய அடுக்குகளும் விரிகின்றன.

மூன்று டிகிரியில் கவிழ்ந்த நாடு

குளிரை விரும்பும் கடலடிக் குடிகளுக்கு வெப்பம் என்ன செய்யும் என்பதற்கு நிஜ உலகில் கிட்டத்தட்ட ஆய்வகச் சோதனை போன்ற ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அலாஸ்காவுக்கு மேற்கே, பெரிங் கடலின் தளத்தில் பனி நண்டுகள் வாழ்கின்றன. குளிர்காலத்தில் மேலே கடற்பனி உறைகிறது. அதன் கீழே உருவாகும் கனமான, குளிர்ந்த நீர் கோடையிலும் தளத்திலேயே தங்கிவிடும். அதன் வெப்பநிலை 2 டிகிரிக்கும் கீழே. இளம் நண்டுகளின் வீடு அது, மதிலும் அதுவே. அவற்றைத் தின்னும் பசிபிக் காட் மீன் அந்தக் குளிருக்குள் நுழைய விரும்புவதில்லை.

2018, 2019 ஆண்டுகளில் கடற்பனி வழக்கத்தைவிட வெகுவாகக் குறைந்தது. குளிர்நீர்த் தேக்கம் சுருங்கியது. அதற்குச் சற்று முன்புதான் நண்டுகளின் எண்ணிக்கை மிக அதிகமாக உயர்ந்திருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் 1,000 கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் காணாமல் போயின. 2022 அக்டோபரில் அலாஸ்கா அரசு அந்தப் பருவத்து நண்டுப்பிடிப்பையே நிறுத்தியது; அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

அவை எங்கே போயின என்பதை 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு அலசியது. அந்த நீர் நண்டுகளை நேரடியாகக் கொல்லும் அளவுக்குச் சூடாகவே இல்லை. அவை பட்டினியால் செத்திருக்க வேண்டும். நீர் 0 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு ஏறினால் பனி நண்டுக்கு வேண்டிய உணவு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. நிறைய வாய்கள், சுருங்கிய இடம், ஒவ்வொரு வாய்க்கும் இரட்டை உணவு.

இந்த நிகழ்ச்சியை டொமினியன்ஸின் விதியோடு ஒட்டிப் பார்த்தால் இரண்டு குறைகள் தெரியும். ஒன்று, விளையாட்டின் இழப்பு படிக்கு இத்தனை என்று ஒரே சீராக ஏறுகிறது. உண்மையில் நெடுநேரம் ஒன்றும் ஆகாமல் இருந்து, ஒரு வரம்பைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து கவிழ்கிறது. மற்றொன்று மக்கள்தொகை. வெப்பத்தின் விளைவு எத்தனை பேர் அதே நீரில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. செழிப்பின் உச்சத்தில் இருந்த நாடுதான் பட்டினியின் விளிம்புக்கும் மிக அருகில் இருந்தது. உணவு வழங்கலைத் தட்பவெப்பத்தோடு இணைத்த அளவில் விளையாட்டு சரியாகவே யோசித்திருக்கிறது. ஆனால் படைக்கு மட்டும் அந்தப் பசியைக் காட்டிவிட்டு, குடிகளை விட்டுவிட்டது.

மேலிருந்து விழும் சோறு

கடலடி வேளாண்மை என்று கற்பனைக் கதைகள் சொல்வதெல்லாம் சூரிய ஒளி எட்டும் முதல் 200 மீட்டருக்குள்தான் நடக்க முடியும். அங்கே மிதக்கும் நுண்பாசிகளே கடலின் பயிர். அதற்குக் கீழே வாழ்பவர்கள் எல்லாரும் மேலிருந்து விழுவதைப் பொறுக்கித் தின்பவர்கள். செத்த பாசி, கழிவு, சளித்திரள் எல்லாம் கலந்து பொழியும் இதற்குக் ‘கடற்பனி’ என்றே பெயர். நீர் உறைந்து உண்டாகும் கடற்பனிக்கும் இதற்கும் தொடர்பில்லை. மேலே விளைவதில் ஒன்றிரண்டு விழுக்காடுதான் ஆழ்கடல் தளம் வரை வந்து சேரும். ஆழ்கடல் அரசின் விளைநிலம் அதன் எல்லைக்குள் இல்லை. தலைக்கு மேல் மூன்று, நான்கு கிலோமீட்டர் உயரத்தில், வேறொருவரின் ஆட்சியில் இருக்கிறது.

அந்தப் பயிருக்கு ஒளி மட்டும் போதாது, உரமும் வேண்டும். நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் கீழே குளிர்ந்த நீரில் தேங்கிக் கிடக்கின்றன. மேற்பரப்பு நீர் சூடாகி இலேசானால், எண்ணெய் போல மேலேயே நின்றுவிடும். கீழுள்ள உரம் மேலே வராது. வெப்பமண்டல நடுக்கடல் கண்ணாடி போலத் தெளிந்து நீலமாக இருப்பதற்குக் காரணம் அங்கே பயிர் இல்லாததே. நிலத்தில் பச்சை தெரியாத இடம் எப்படியோ, கடலில் நீலம் அப்படி.

காற்று நீரைக் கரையிலிருந்து தள்ளும் இடங்களில் கீழ்நீர் மேலெழுகிறது. பெரு நாட்டுக் கடற்கரை இதற்குப் பேர்போனது. அந்த நீரோட்டப் பகுதி உலகக் கடல் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உலகக் கடல்மீன் பிடிப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அங்கிருந்து வந்திருக்கிறது. 1970இல் அங்கே பிடிபட்ட நெத்திலி வகை மீன் மட்டும் 1 கோடியே 20 லட்சம் டன்னுக்கு மேல். 1972இல் எல் நினோ வந்தது. கிறிஸ்துமஸை ஒட்டி வெதுவெதுப்பான நீர் வருவதைப் பார்த்துக் குழந்தை இயேசுவை நினைத்து மீனவர்கள் வைத்த பெயர் அது. காற்று தளர்ந்தது, மேலெழுச்சி நின்றது. ஏற்கெனவே அளவுக்கு மீறி வாரிக்கொண்டிருந்ததும் சேர்ந்துகொள்ள, 1973இல் பிடிப்பு 20 லட்சம் டன்னுக்கும் கீழே போயிற்று. கோழித் தீவனத்துக்கான மீன்தூள் கிடைக்காமல் எல்லாரும் சோயாவைத் தேட, விலை எகிறி, அந்தக் கோடையில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தற்காலிகத் தடை போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். காற்றுத் தளர்ந்தது பசிபிக்கில். கோழிப்பண்ணையில் தீவனம் விலையேறியது கண்டம் தாண்டி.

மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி வெப்ப அளவு வைக்கும் விளையாட்டில் இந்தத் தொலைதூரத் தொடர்பைக் காட்டுவது கடினம். கடலடி நாட்டின் வரியைத் தீர்மானிப்பது அந்த மாகாணத்து வெப்பத்தைவிட அதன் மேலே வீசும் காற்றே.

இன்னொன்று, கடலில் குடியும் செல்வமும் இடம்பெயரும். 2007க்குப் பிறகு வட அட்லாண்டிக் கானாங்கெளுத்தி ஐஸ்லாந்துக் கடலுக்குள் பெருமளவில் வந்தது. ஐஸ்லாந்து தானே ஓர் ஒதுக்கீட்டை அறிவித்துப் பிடிக்கத் தொடங்க, ஐரோப்பிய ஒன்றியத்தோடும் நார்வேயோடும் பல ஆண்டு இழுபறி நடந்தது. இல்விண்டரின் சொந்த நாட்டிலும் இப்படி ஒரு பழைய கதை உண்டு. ஸ்வீடனின் மேற்குக்கரையான போஹுஸ்லேனில் 1747 முதல் 1809 வரை ஹெர்ரிங் மீன் கரையோரம் வந்து குவிந்தது. உப்பிடும் கூடங்களும் மீனெண்ணெய் காய்ச்சும் கொட்டகைகளும் பெருகின. பிறகு மீன் வரவில்லை. ஊர்கள் வறுமையில் விழுந்தன. அரசின் எல்லை நிலைத்து நிற்க, அதன் பொருளாதாரம் மட்டும் நீந்திப் போய்விடுகிறது.

காடும் கல்லும் முத்தும்

டொமினியன்ஸின் கடலில் கெல்ப் என்னும் பெரிய கடற்பாசிகளின் காடுகள் உண்டு. நீருக்கடியில் கொல்லுலை எரியாது என்பதால் பவளமும் சிப்பியும் கல்லும் ஆயுதங்களாகின்றன. இந்தப் பொருள்கள் ஒவ்வொன்றும் தட்பவெப்பத்துக்குத் தனித்தனியே பதில் சொல்பவை.

பேருருக் கெல்ப் நல்ல பருவத்தில் ஒரு நாளில் அரை மீட்டர் வரை வளரும். அதற்கு வேண்டியது குளிர்ந்த, உரம் மிகுந்த நீர். 20 டிகிரி தாண்டினால் திணறும். 2014 முதல் 2016 வரை பசிபிக்கின் வடகிழக்கில் நீடித்த கடல் வெப்ப அலைக்குப் பிறகு வட கலிபோர்னியாவின் கெல்ப் காட்டில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தது. கடல்முள்ளெலிகள் பெருகி மிச்சத்தையும் மேய்ந்தன. நீர் குளிர்ந்த பின்னும் காடு எளிதில் திரும்பவில்லை. விளையாட்டில் அளவுகோல் சரியானதும் வருமானம் சரியாகிவிடும். கெல்ப் காட்டில் அப்படி இல்லை.

பவளம் வெப்பநீரில் வாழ்வது. ஆனால் அது தன் உச்சவரம்பை ஒட்டியே வாழ்கிறது. வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரே டிகிரி, சில வாரங்கள் நீடித்தால் போதும்; உடலுக்குள் குடியிருந்து உணவூட்டும் பாசியைப் பவளம் வெளியேற்றி வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது நடந்தது.

முத்தின் கதை விசித்திரமானது. முத்தும் பவளமும் அரகோனைட் என்னும் சுண்ணாம்பு வகையால் ஆனவை. குளிரும் அழுத்தமும் கூடக் கூட, கரைந்த கரியமில வாயு மிகுந்த நீரில், சுண்ணாம்பு கரையத் தொடங்கும். வட பசிபிக்கில் சில நூறு மீட்டர் ஆழத்திலேயே அரகோனைட்டுக்கு நீர் பகையாகிவிடுகிறது. அட்லாண்டிக்கில் அதற்கு இன்னும் வெகு ஆழம் போக வேண்டும். நாலைந்து கிலோமீட்டருக்குக் கீழே சுண்ணாம்பு எந்த வடிவிலும் தங்காது; கடலடி மலைகளின் தலை சிப்பித்தூளால் வெளுத்திருக்க, அடிவாரம் செங்களியாகக் கிடக்கும். முத்து அரசர்கள் ஆழ்கடல் அகழியில் கருவூலம் வைத்தால், திருடன் இல்லாமலே அது தேயும். கடல் இழுத்துக்கொள்ளும் கரியமில வாயு கூடக் கூட அந்தக் கோடு மேலேறி வரும். தொழிற்புரட்சிக்குப் பின் மேற்பரப்புக் கடல்நீரின் அமிலத்தன்மை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியிருக்கிறது.

முத்து விளையும் இடத்திலும் நிலையான வருமானம் இல்லை. தூத்துக்குடிக் கடலில் முத்துச்சிப்பி ஒட்டி வளரும் பாறைத் தளத்துக்குப் பார் என்று பெயர். சிப்பியின் குஞ்சுகள் மிதந்து வந்து பாரில் ஒட்ட நீரோட்டம் ஒத்துழைக்க வேண்டும், மணல் மூடாதிருக்க வேண்டும், திருக்கை மேயாதிருக்க வேண்டும். சில ஆண்டுகள் தொடர்ந்து முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடக்கும். பிறகு பல பத்தாண்டுகள் பார் வெறுமையாகக் கிடக்கும். அங்கே கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது.

ஆழத்து உலைகளும் துருவத்துக் குளிரும்

வெயிலும் காற்றும் தீண்டாத கடலடிப் பொருளாதாரம் ஒன்று இருக்க முடியுமா? 1977இல் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் என்னும் நீர்மூழ்கி வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. பின்னர் வேறிடங்களில் கண்டுபிடிக்கப்பட்ட ஊற்றுகளில் நீர் 350 டிகிரியையும் தாண்டியது. அழுத்தத்தால் அது கொதிப்பதில்லை. ஊற்று வாயைச் சுற்றித் தாமிரம், துத்தநாகம், கொஞ்சம் பொன்னும் படிகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடை எரித்து வாழும் நுண்ணுயிர்களும் அவற்றை உடலுக்குள் வளர்க்கும் குழாய்ப் புழுக்களும் ஒளியே இல்லாமல் செழிக்கின்றன. ஆழ்கடல் அரசுக்கு உலையும் சுரங்கமும் வயலும் ஒரே இடத்தில் அமைந்தாற்போல இருக்கும்.

ஆனாலும் அந்த நுண்ணுயிர்களில் பெரும்பான்மை சல்ஃபைடை எரிக்கப் பயன்படுத்துவது நீரில் கரைந்த ஆக்சிஜனையே. அது மேலே வெயிலில் பாசியும் நிலத்தில் மரமும் செய்தது. அந்த ஆக்சிஜன் ஆழத்துக்கு இறங்கும் வாசல்கள் உலகில் சிலவே; அவற்றைத் திறப்பது குளிர்தான். டொமினியன்ஸில் குளிர் கூடினால் ஆறுகள் உறைந்து படைகள் நடந்து கடக்கலாம். கடல்நீர் உறைய இன்னும் இறங்கி, கழித்தல் 1.8 டிகிரிக்குப் போக வேண்டும். உறையும்போது உப்பு பெரும்பாலும் வெளியே தள்ளப்படுகிறது. உப்பேறி, குளிர்ந்து, கனத்த நீர் ஆக்சிஜனோடு அடியில் இறங்கி உலகக் கடல்களின் தளமெங்கும் ஊர்கிறது. அண்டார்க்டிகாவின் வெடெல் கடல் அப்படி ஒரு வாசல். தெற்கே பனி உறைவது தளர்ந்தால் வடக்கே, வெகு தொலைவில், வெந்நீர் ஊற்றோரம் இருப்பவருக்கு மூச்சு குறையும்.

அந்த நீர் உலகைச் சுற்றி மேலே வர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும். மாதத்துக்கு ஒரு டர்ன் என்று வைத்தால் 12,000 டர்ன். டொமினியன்ஸில் 100 டர்ன் தாண்டும் ஆட்டமே நீண்ட ஆட்டம்.